இருட்டு ஒழுங்கைக்கு யார் பொறுப்பு? கொழும்பில் பிரஜா பொலிஸ் குழுவும் மாநகர சபை வட்டாரமும்

ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையை எடுத்துக்கொள்வோம். ஐந்து மின்கம்பங்களில் மூன்றில் வெளிச்சமில்லை. இரவு எட்டுக்குப் பிறகு முனையில் இளைஞர்கள் கூடுகிறார்கள், ஏதோ கைமாறுகிறது. வேலை முடிந்து வரும் பெண்கள் பெரிய வீதியால் சுற்றி வருகிறார்கள். இது பொலிசுக்குரிய விஷயமா, மாநகர சபைக்குரியதா? இரண்டுக்கும் உரியது. ஆனால் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பிரஜா பொலிஸ் குழு என்பது பொலிசும் ஊராரும் சேர்ந்த தொண்டர் குழு. "பிரஜா பொலிஸ் கூட்டத்தில் சொன்னோம், ஆறு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை" என்ற குறையை விசாரித்துப் பார்த்தால், பெரும்பாலும் விளக்கைப் பற்றிப் பொலிசிடமும் போதைப்பொருளைப் பற்றி வட்டார உறுப்பினரிடமும் சொல்லியிருப்பார்கள்.

இலங்கையில் பொலிஸ் மாநகர சபையின் கீழ் இல்லை. அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆம் திருத்தம் பொலிஸ் அதிகாரங்களை மாகாண சபைப் பட்டியலில் சேர்த்தது. நடைமுறையில் அவை கொடுக்கப்படவில்லை, பொலிஸ் இன்றும் மத்திய அரசின் கையில்தான். ஆகவே பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கட்டளையிட மேயராலும் முடியாது. வட்டார உறுப்பினர் பேசிப் பார்க்கலாம், அவ்வளவுதான். மறுபக்கம், கம்பத்தில் பல்ப் போடப் பொறுப்பதிகாரியாலும் முடியாது.

இதில் எல்லைச் சிக்கல் வேறு. கொழும்பு மாநகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகங்களுக்குள் வருகிறது. முதலாவதில் 35, இரண்டாவதில் 20, மொத்தம் 55 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். மாநகர சபையின் வட்டார எல்லை வேறு, பொலிஸ் நிலைய எல்லை இன்னும் வேறு. ஒரே ஒழுங்கையின் இரு பக்கமும் இரண்டு பொலிஸ் நிலையங்களுக்குச் சொந்தமாக இருக்கக்கூடும். முதலில் உங்கள் வீட்டுக்கான மூன்று பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: கிராம உத்தியோகத்தர் பிரிவு, வட்டாரம், பொலிஸ் நிலையம். முதல் இரண்டையும் கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதைப் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் வீதிப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

குழு என்றால் என்ன, என்ன இல்லை

சிவில் பாதுகாப்புக் குழு, பிரஜா பொலிஸ் குழு என்று ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறும். அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு ஒரு குழு. பொலிஸ் நிலையத்தில் சமுதாய பொலிஸ் பிரிவுக்குப் பொறுப்பான அலுவலர் ஒருவர், கிராம உத்தியோகத்தர், அப்பகுதியில் குடியிருப்போர், கடைக்காரர், மதகுருமார், பாடசாலையைச் சேர்ந்தோர். எல்லாரும் தொண்டர்கள், சம்பளம் இல்லை. இந்தக் குழுக்களுக்கெனத் தனிச் சட்டம் கிடையாது, பொலிஸ் திணைக்களத்தின் நிர்வாக ஏற்பாடாகவே நடக்கின்றன. அதனால் பொறுப்பதிகாரி அக்கறையுள்ளவராக இருந்தால் கூட்டம் ஒழுங்காக நடக்கும். அவர் இடமாற்றமாகிப் போனால் குழுவும் தூங்கிவிடும்.

சேர விரும்பினால் கிராம உத்தியோகத்தரிடமும் பொலிஸ் நிலையத்தின் சமுதாய பொலிஸ் பிரிவிலும் பெயரைக் கொடுங்கள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வெள்ளவத்தை போன்ற இடங்களில் தமிழர் கணிசமாக இருந்தும் குழுவில் தமிழ்ப் பெயர்கள் குறைவாக இருந்தால், முக்கால்வாசிக் காரணம் நாம் பெயர் கொடுக்காததுதான். பொலிஸ் என்றாலே ஒதுங்கி நிற்கும் பழக்கம் சும்மா வந்ததல்ல, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் காலி நாற்காலியை யாரோ ஒருவர் நிரப்பத்தான் போகிறார். பெரும்பாலும் அது ஒரு கட்சிக்காரராக இருக்கும்.

குழு உறுப்பினருக்குப் பொலிஸ் அதிகாரம் எதுவும் இல்லை. அடையாள அட்டையைக் கேட்க முடியாது, வீட்டுக்குள் நுழைய முடியாது, யாரையும் சோதனையிட முடியாது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35 ஆம் பிரிவு எந்தத் தனிநபருக்கும் கொடுக்கும் அதிகாரம் மட்டுமே அவருக்கும் உண்டு: பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய ஒரு குற்றம் தன் கண்முன்னே நடந்தால் செய்தவரைப் பிடித்து, தாமதமின்றிப் பொலிசிடம் ஒப்படைக்கலாம். பிடித்தவரைக் கட்டிவைத்து அடித்தால், வழக்கு அடித்தவர் மீதும் வரும்.

குழு தலையிடக்கூடாத இன்னொன்று வீட்டு வன்முறை. "குடும்ப விஷயம், பேசித் தீர்ப்போம்" என்று கூட்டத்தில் எடுத்தால் அடி வாங்கியவர் ஊர் முன்னால் இரண்டாவது தடவை அடி வாங்குவார். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதிக்கப்பட்டவர் நேரடியாக நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிசும் அவருக்காக விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. உடனடி ஆபத்தென்றால் 119. அயலவர் சச்சரவு, சிறு கடன், சுவர்த் தகராறு போன்றவற்றுக்கு 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அதைக் குழு கையில் எடுக்கத் தேவையில்லை.

கூட்டத்தில் பேசியதற்குப் பெறுமதி வருவது அறிக்கைப் புத்தகத்தில் எழுதினால்தான். "போதைப்பொருள் பிரச்சினை பற்றிக் கலந்துரையாடப்பட்டது" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. எந்த ஒழுங்கை, எந்த முனை, எந்தக் கிழமைகளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ரோந்து எந்த நேரம் வர வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அந்த வரியை வாசித்து, என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆட்களின் பெயரை மட்டும் அந்தப் புத்தகத்தில் எழுத விடாதீர்கள். அது பலர் கை மாறும் புத்தகம். பெயர் சொல்ல வேண்டுமானால் பொறுப்பதிகாரியிடம் தனியாகச் சொல்லுங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்வது

குழுவில் சொல்வது முறைப்பாடு ஆகாது. பொலிஸ் நிலையத் தகவல் புத்தகத்தில் பதிந்தால்தான் முறைப்பாடு. இங்கேதான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்: தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, "கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போட்டுவிட்டு வருகிறோம்.

மேற்சொன்ன சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இதில் மிகத் தெளிவு. வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலை, கொடுத்த மொழியிலேயே எழுதி, கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த அலுவலருக்கு அம்மொழியில் எழுத முடியாவிட்டால், உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எழுதிக் கொடுக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் மட்டுமே தேசிய மொழிகளில் வேறொன்றில் எழுதலாம். அப்போதும் அதற்கான காரணத்தைப் பதிந்து, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். அதன் பிறகே கையெழுத்து.

ஆகவே சுலபமான வழி வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவதுதான். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். திகதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தது, என்ன இழப்பு. இரண்டு பிரதிகள் எடுங்கள். ஒன்றைக் கொடுத்துப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். புறப்படுமுன் முறைப்பாட்டு இலக்கம், பக்கம், பதிந்த அலுவலரின் பெயர், திகதி ஆகியவற்றை மற்றப் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். பாரிய குற்றங்களுக்கு ஒரு புத்தகம், சிறு முறைப்பாடுகளுக்கு வேறு புத்தகம் என்று பிரித்து வைத்திருப்பதால், இலக்கம் மட்டும் இருந்தால் பிறகு தேடிப் பிடிப்பது கஷ்டம். எந்தப் புத்தகம் என்றும் கேளுங்கள்.

பதிய மறுத்தால் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பான உதவிப் பொலிஸ் அத்தியட்சகரின் அலுவலகத்துக்குப் போகலாம். பொலிசார் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பது தேசிய பொலிஸ் ஆணைக்குழு. தடுத்து வைத்தல், சித்திரவதை போன்றவற்றுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1996.

கொழும்புத் தமிழர்களிடம் திரும்பத் திரும்ப எழும் கேள்வி வீட்டுக்கு வரும் பதிவுப் படிவம் பற்றியது. அதன் வேர் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76 ஆம் பிரிவு. எழுத்துமூல அறிவித்தல் கொடுத்தால், வீட்டுத் தலைவர் அங்கே வசிப்போரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. அந்த அதிகாரம் பொலிசுக்குரியது, குழு உறுப்பினருக்கல்ல. பொலிஸ் நிலையத்தின் அறிவித்தல் இல்லாமல் குழுவின் பெயரில் யாராவது படிவம் கொண்டுவந்தால், எந்த நிலையம், எந்த அலுவலர் என்று கேட்டு, அந்த நிலையத்துக்கு அழைத்து உறுதிசெய்த பிறகு நிரப்புங்கள். நிரப்பிய படிவத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பதும் நல்லது.

இனி விளக்கு

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபின் இரண்டு வருடத்துக்கு மேல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகுதான் வட்டாரத்துக்கு மறுபடி ஆள் வந்தார். 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் பட்டியல் என்ற கலப்பு முறை என்பதால், சபையில் சிலர் உங்கள் வட்டாரத்துக்கென்று தெரிவானவர்கள், சிலர் பட்டியலில் வந்தவர்கள். கடிதத்தை வட்டார உறுப்பினருக்கு எழுதிப் பிரதியை மாநகர ஆணையாளருக்கு அனுப்புவதைவிட, ஆணையாளருக்கு எழுதிப் பிரதியை உறுப்பினருக்குக் கொடுப்பது சிறந்தது. வேலையைச் செய்விப்பது நிர்வாகம். உறுப்பினர் அதைப் பின்னாலிருந்து முன்னே தள்ளுபவர்.

எழுதுமுன் ஒரு நாள் மாலை ஏழரைக்கு ஒழுங்கையை முழுதாக நடந்து பாருங்கள், இரண்டு மூன்று பேராக. ஒவ்வொரு கம்பத்திலும் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறித்து, எது எரிகிறது, எது இல்லை, எதை மரக்கிளை மறைக்கிறது என்று எழுதுங்கள். ஒரு கம்பம் மட்டும் இருட்டென்றால் பெரும்பாலும் பல்ப் அல்லது பொருத்தி. வரிசையாக எல்லாம் இருட்டென்றால் சுவிட்ச் அல்லது வயரில் பிழை. அதைக் குறிப்பிடாமல் விட்டால் பல்புடன் வந்தவர் ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போவார், உங்கள் முறைப்பாடு "பார்வையிடப்பட்டது" என்று முடிந்துவிடும். கிளை வெட்டுவது வேறு பிரிவின் வேலை, அதற்குத் தனிக் கடிதம்.

இடம் யாருடையது என்பதையும் பாருங்கள். காலி வீதி, பேஸ்லைன் வீதி போன்ற பெரு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை, உள்வீதிகள் மாநகர சபையுடையவை. குழாய் வெடிப்பு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. தொடர்மாடியின் படிக்கட்டு, நடைகூடம், வாகனத் தரிப்பிடம் எல்லாம் பொதுவாக அந்த மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பு. அங்கே விளக்குப் போட மாநகர சபைக்கு எழுதினால் "எமது எல்லைக்குள் வராது" என்றுதான் பதில் வரும், அது சரியான பதிலும்கூட.

பல்ப் மாற்றுவது பராமரிப்புச் செலவு. புதிய கம்பம், வடிகாலுக்கு மூடி, நடைபாதை என்றால் மூலதனச் செலவு, அதற்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் வேண்டும். நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது, திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் சபைக்கு வருகிறது. டிசம்பரில் மகஜர் கொடுப்பது பந்தி முடிந்தபின் இலை போடுவது மாதிரி. ஆகஸ்ட், செப்டெம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். நீள அகலத்தை அளந்து, வீடுகளின் எண்ணிக்கையுடன், ஒரு வட்டாரத்துக்கு இரண்டு மூன்று வேலைக்கு மேல் கேட்காமல். இருபது கோரிக்கை உள்ள மகஜரில் எதை முதலில் செய்வது என்று தெரிவு செய்வது நீங்களாக இராது.

தோட்டங்கள் எனப்படும் நகரின் நெரிசலான குடியிருப்புகளில் இருப்போருக்கு இன்னொரு வாசலும் உண்டு. 1970 களின் கடைசியில் யுனிசெப் ஆதரவுடன் மாநகர சபை தோட்டங்களில் சமுதாய அபிவிருத்தி சபைகளை உருவாக்கத் தொடங்கியது. பொதுக் குழாய், மலசலகூடம், வடிகால் என்று ஆரம்பித்த இச்சபைகள், 1980 களில் அரசின் பத்து லட்சம் வீட்டுத் திட்ட காலத்தில் சிறு கட்டுமான வேலைகளைச் சமுதாய ஒப்பந்தமாகத் தாங்களே எடுத்துச் செய்தன. உங்கள் தோட்டத்தில் அப்படியொரு சபை பெயரளவிலாவது இருந்தால், புதிதாக ஒன்று தொடங்குவதைவிட அதை உயிர்ப்பிப்பது நல்லது. பழைய பதிவும் கணக்கும் எங்கே என்று முதலில் பாருங்கள்.

பதில் வராவிட்டால்

கடிதத்தின் பிரதியில் மாநகர சபை அலுவலகமான நகர மண்டபத்தின் முத்திரையும் திகதியும் இருக்கிறதா? இல்லையென்றால் மறுபடி கொடுங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுதும் மொழி பற்றித் தயங்க வேண்டாம். அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி மேல் மாகாணத்திலும் அரச அலுவலருடன் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உரிமை உண்டு.

ஒரு மாதமாகியும் ஒன்றும் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகர சபையின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பொலிஸ் திணைக்களமும் இச்சட்டத்துக்குள் வருகிறது. "ஏன் விளக்குப் போடவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல, வாக்குவாதம். இந்தத் திகதியில் கொடுத்த கடிதத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி, இந்த ஒழுங்கைக்கு இந்த ஆண்டில் ஒதுக்கிய தொகை, வேலைக் கட்டளையின் பிரதி என்று ஆவணத்தைக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானம் வர வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. ஒவ்வொரு படியிலும் முந்தைய கடிதத்தின் பிரதியை இணைக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் திகதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.