தண்டவாளத்தில் 'அத்துமீறல்': ஆயிரம் ரூபாயோடு முடியாத விஷயம்

மேம்பாலம் ஏற அலுப்புப்பட்டு தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பவர்கள், பிடித்தால் ஃபைன் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைக்கிறார்கள். சட்டம் இதை 'அத்துமீறல்' என்கிறது. 1989 ரயில்வே சட்டம், 147-வது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் விதிப்பது மாஜிஸ்திரேட், பிடித்த காவலர் அல்ல. ரசீதில்லாமல் பிளாட்ஃபாரத்திலேயே யாராவது காசு கேட்டால் அது வேறு கணக்கு. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தைப் படியுங்கள், ஏனென்றால் அது தண்டனையாகவே பதிவாகும்.

மூடிய லெவல் கிராசிங் கேட்டை நீங்களே திறந்தால் மூன்று வருடம் வரை, உடைத்தால் ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். பையன்கள் ரயில்மேல் கல்லெறிவதை விளையாட்டு என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: ஆளுக்கு ஆபத்து வரும் என்று தெரிந்தே எறிந்தால் 152-வது பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. கூட்ட நெரிசலில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து இறந்தவரை, 'தண்டவாளம் கடக்கும்போது அடிபட்டார்' என்று போலீஸ் அறிக்கையில் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த வரியால் 124ஏ பிரிவின்படி குடும்பத்துக்கு வரவேண்டிய 8 லட்சம் ரூபாய் சிக்கிக்கொள்கிறது, ஏனென்றால் அந்த இழப்பீடு பயணிக்குத்தான், அத்துமீறியவருக்கு இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிரேதப் பரிசோதனை அறிக்கைக்காக ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசிடம் கேள் என்றார்கள், போலீசிடம் போனால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேள் என்றார்கள், அவரோ மறுபடியும் போலீசைக் கைகாட்டினார். இப்படியே மாதங்கள் ஓடின.

அதனால் முதல் நாளே இருப்புப்பாதை போலீசின் விசாரணை அறிக்கையில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள். கூடப் பயணித்தவர், விழுந்ததைப் பார்த்தவர் யாராவது இருந்தால் அவர்களுடைய வாக்குமூலத்தைப் பதியச் சொல்லுங்கள். சட்டைப்பை, பர்ஸ், போனில் எடுத்த டிக்கெட், சீசன் பாஸ், எதையும் தொலைக்காதீர்கள். டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் கேஸே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்: ரீனா தேவி வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம், டிக்கெட் இல்லாதது மட்டும் காரணமாகாது, குடும்பம் உரிய விவரங்களோடு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் மறுத்து நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேக்குப் போகும் என்று சொல்லிவிட்டது. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தாலும் இழப்பீடு உண்டு என்பதும் அதே தீர்ப்பில்தான். தற்கொலை, குடிபோதை என்று எழுதிவிட்டால் மட்டும் சிக்கல் பெரிது, அதனால் அந்த வார்த்தைகள் ஆதாரமில்லாமல் நுழைகின்றனவா என்றும் கவனியுங்கள்.

மனு போகவேண்டிய இடம் ரயில்வே கோரிக்கைத் தீர்ப்பாயம், சென்னையில் அமர்வு உண்டு. சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஏற்கலாம்தான், ஆனால் 'பேப்பர் வரட்டும்' என்று காத்திருந்து அந்த ஒரு வருடத்தைத் தின்னக் கொடுக்காதீர்கள். கையில் இருப்பதை வைத்து முதலில் மனுவைப் போடுங்கள், மீதியை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.