மழைக்கால ஆப்பிரிக்க சஃபாரி: புல்லையும் மண்ணையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

ஜனவரி பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். "ஏப்ரல் கடைசியில பசங்களுக்குப் பரீட்சை முடிஞ்சிடும் சார். மசாய் மாரா பேக்கேஜ் பாதி விலைக்கு வருது, புக் பண்ணிடலாமா?" கூடவே அந்தக் கென்ய வனவிலங்குக் காப்பகத்துக்கான விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும். 'பசுமைப் பருவச் சலுகை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மழை என்ற சொல் மட்டும் எங்கேயும் இருக்காது.

சஃபாரி பயணங்களுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். மழைக்காலத்தில் போகவே கூடாது என்று நான் சொல்வதில்லை. சில இடங்களுக்கு அப்போது போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை நாள் மழை பெய்யும்?" என்றுதான். அதற்குப் பதில் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. நீங்கள் போகும் மாதத்தில் புல் எவ்வளவு உயரம் இருக்கும், வண்டி போகும் பாதை எந்த மண்ணில் இருக்கிறது, இந்த இரண்டையும் கேளுங்கள். பயணம் எப்படி இருக்கும் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒன்று. 'ஆப்பிரிக்க மழைக்காலம்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. கென்யாவும் தான்சானியாவும் நிலநடுக்கோட்டை ஒட்டியவை. மழை மேகப் பட்டை வடக்கே போகும்போது ஒருமுறை, தெற்கே திரும்பும்போது ஒருமுறை என ஆண்டுக்கு இரண்டு தடவை அவற்றைக் கடக்கிறது. மார்ச் முதல் மே வரை பெய்வது பெருமழை, சுவாஹிலியில் மசிகா. நவம்பர், டிசம்பரில் வருவது சிறுமழை, வூலி. தெற்கே தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்கா, போட்ஸ்வானா, சாம்பியா பக்கம் போனால் ஒரே மழைக்காலம்தான், நவம்பர் தொடங்கி மார்ச் வரை. அதனால் மே மாதத்தில் மாரா ஊறிக் கிடக்கும்போது க்ரூகர் காயத் தொடங்கியிருக்கும்.

வூலி பெரும்பாலும் சமாளிக்கக்கூடிய மழை. காலையில் வெயில், பிற்பகலில் இடியோடு ஒரு கொட்டு, மாலையில் மறுபடி வெளிச்சம். கழுவிவிட்ட மாதிரி வானம், புகைப்படக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் இந்தியப் பெருங்கடல் இருமுனை நேர்மறையாக இருக்கும், அதாவது ஆப்பிரிக்கா பக்கத்துக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகவும் இந்தோனேசியா பக்கம் குளிர்ந்தும் இருக்கும் ஆண்டுகளில் அதே வூலி வெள்ளமாகிவிடும். 2019-லும் 2023-லும் அப்படித்தான் ஆனது. நம் வடகிழக்குப் பருவமழை பற்றி வானிலை ஆர்வலர்கள் பேசும்போது அடிக்கடி அடிபடுகிற அதே இருமுனைதான் இது. நவம்பர் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன் அந்த ஆண்டு அது எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புல்

மழையில் நனைவது ஒரு பிரச்சினையே இல்லை. விலங்கைப் பார்க்க முடியாமல் போவதுதான் பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் மாராவின் புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். சிங்கம் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் காது நுனிதான் தெரியும், அதுவும் அது காதை ஆட்டினால். பிறகு ஜூலை வாக்கில் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து வில்டபீஸ்ட் (மாட்டுச் சாயல் கொண்ட ஒரு மான் வகை) மந்தைகள் வந்து மேய்ந்த பிறகுதான் புல் குட்டையாகும். டிவியில் பார்க்கிற ஆற்றைக் கடக்கும் காட்சியும் ஜூலை முதல் அக்டோபர் வரைக்கானது. ஏப்ரலில் அந்த மந்தைகள் மாராவிலேயே இருப்பதில்லை. இதைச் சொல்லாமல் விற்கப்படும் பேக்கேஜ்கள் ஏராளம்.

இதற்கு நேர் எதிர், தெற்கு செரெங்கெட்டியை ஒட்டிய ந்டூட்டு. அங்கேயும் மழையால்தான் புல் முளைக்கிறது, ஆனால் குட்டைப் புல். பக்கத்து எரிமலைகள், குறிப்பாக ஓல் டோய்ன்யோ லெங்காய், காலம் காலமாகக் கொட்டிய சாம்பல் அந்தச் சமவெளி முழுக்கப் படிந்திருக்கிறது. சாம்பலுக்கு அடியில் இறுகிப்போன ஒரு அடுக்கு மரவேர்களை இறங்கவிடாது. மேலே முளைக்கும் புல்லிலோ கால்சியமும் பாஸ்பரஸும் நிறைய. பாலூட்டும் தாய்களுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது. அதனால்தான் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை லட்சக்கணக்கான வில்டபீஸ்ட்கள் இங்கே வந்து கன்று ஈனுகின்றன. சில வாரங்களுக்குள் மொத்தப் பேறும் முடிந்துவிடும். கன்று விழுந்து சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்து நிற்கும், கொஞ்ச நேரத்தில் தாயோடு ஓடும். ஓட முடியாததைக் கழுதைப்புலி பார்த்துக்கொள்ளும். புல் குட்டை என்பதால் இத்தனையும் கண்ணெதிரே நடக்கும், சிவிங்கிப்புலியின் துரத்தல் உட்பட. குழந்தைகளோடு போகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். எல்லாக் குழந்தைகளும் அதை ரசிப்பதில்லை.

மழை வந்தால் இடம் மாறும் விலங்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டும். தான்சானியாவின் தரங்கிரே பூங்கா யானைகளுக்குப் பெயர் போனது. அது ஜூலை முதல் அக்டோபர் வரை, சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வற்றி எல்லா மந்தைகளும் ஆற்றங்கரைக்கு வரும் காலத்துக்கான பெயர். மழையில் ஊரெல்லாம் குட்டை நிறைந்தபின் யானைக்கு அங்கே என்ன வேலை? பூங்காவுக்கு வெளியேயும் பரவிப் போய்விடும். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ ஆற்று டெல்டாவின் கதையே வேறு. அங்கே வெள்ளம் வருவது மழை ஓய்ந்த பிறகு. அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில்தான் டெல்டாவை நிறைக்கிறது.

பறவை பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அவர்களை மழைக்காலத்திலேயே அனுப்பிவிடுவேன். நாகாலாந்தில் கூட்டம் கூட்டமாக இறங்கும் அமூர் வல்லூறு, கடல் தாண்டிப் போய்ச் சேருவது தெற்கு ஆப்பிரிக்க மழைக்காலத்தில்தான். அங்கே ஈசல் பறக்கும் மாலைகளில் அதற்கு விருந்து.

மண்

மாராவின் பெரும் பகுதி கரிசல். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் பசை. டயரின் பள்ளங்களில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் வழுவழுவென்று ஆகிவிடும், பிரேக் பிடித்தால் வண்டி பக்கவாட்டில் நழுவும்.

சிக்கனப் பேக்கேஜில் போன ஒரு கோவைக் குடும்பம் திரும்பி வந்து என்னிடம் சொன்னது: இவர்களுக்குக் கொடுத்தது கூரை திறக்கிற வேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை இல்லாத வண்டி. மதியம் ஒரு மழை. சின்ன ஓடை ஒன்றின் கரையில் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. டிரைவர் கீழே இறங்கு முன் சுற்றும் முற்றும் பைனாகுலரில் பார்த்துக்கொண்டார். சிங்கம் உலவும் இடத்தில் இறங்கித் தள்ளச் சொல்ல முடியாதே. இன்னொரு லேண்ட் குரூசர் வந்து கயிறு கட்டி இழுக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய மாலை அதிலேயே போயிற்று. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு மாராவின் நாள் கட்டணம் ஜூன் வரை தலைக்கு 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். அதுவும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரைக்குத்தான். சேற்றில் நின்ற நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

அதனால் வண்டி என்ன என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். 'சஃபாரி வாகனம்' என்று பொதுவாகப் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு சக்கர இழுவை உள்ள லேண்ட் குரூசரா, கயிறு, உயர ஜாக்கி, மண்வெட்டி எல்லாம் வண்டியில் இருக்குமா, மழையில் பாதை மூடினால் மாற்றுத் திட்டம் என்ன என்று கேளுங்கள். மாராவுக்குள்ளேயே மாரா ஆற்றுக்கு மேற்கே உள்ள மாரா டிரையாங்கிள் பகுதியில் பாதைகளின் பராமரிப்பு மேல். இதைப் பெயர் சொல்லிக் கேட்டாலே ஏஜென்ட் உங்களிடம் கவனமாகப் பேசத் தொடங்குவார்.

கேம்ப் ஆற்றங்கரையில் இருந்தால் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். 2024 மே முதல் தேதி தலெக் ஆறு கரை உடைத்து, மாராவில் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கேம்ப்களுக்குள் வெள்ளம் புகுந்தது. பயணிகளை ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் மாய் மஹியூவில் நள்ளிரவு வெள்ளம் அடித்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை வழியே போகிறவர்கள் தாண்டும் ஊர் அது. எல்லா ஆண்டும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் மசிகா காலத்தில் ஆற்றை ஒட்டிய கூடாரத்தை நான் யாருக்கும் போடுவதில்லை, காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. சலுகைப் பேக்கேஜ்களில் பணம் திரும்பக் கிடைக்காது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வரும், காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள்.

சரி, லீவு அப்போதுதான் என்றால்?

மே மாதம்தான் முடியும் என்றால் க்ரூகரைப் பாருங்கள். குளிர்காலம் தொடங்கும் நேரம், புல் காய்ந்து படுக்க ஆரம்பிக்கும், முக்கியச் சாலைகள் தார் போட்டவை. விசாவுக்கு மட்டும் சீக்கிரம் விண்ணப்பிக்க வேண்டும். மாராதான் வேண்டும் என்றால் காலாண்டு விடுமுறைக்குத் தள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் மந்தைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். செலவு கூடும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ந்டூட்டுவுக்கு நம் பள்ளி விடுமுறை எதுவும் சரியாகப் பொருந்தாது. பிள்ளைகள் வளர்ந்தபின் தம்பதியாகப் போகிறவர்களுக்கு அதை வைத்திருக்கிறேன்.

மூட்டை கட்டும்போது துணிகளை பிளாஸ்டிக் கவரில் சுற்றும் நம் பழக்கம் இங்கே உதவாது. கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. தண்ணீர் புகாத துணிப் பை வாங்கிக்கொள்ளுங்கள். சிறு விமானத்தில் போவதாக இருந்தால் பெரும்பாலும் 15 கிலோதான், அதுவும் சக்கரம் இல்லாத மென்மையான பை. கருநீல ஜீன்ஸ் வேண்டாம், கடிக்கிற செட்சீ ஈக்கு அந்த நிறம் பிடிக்கும். அதைப் பிடிக்க அங்கே கட்டும் பொறித்துணியே நீலமும் கறுப்பும்தான். தான்சானியாவின் ங்கோரங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம். மழை நாளில் மூடுபனி இறங்கினால் நம் ஊட்டி ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கென்யாவுக்குள் போகிறபோது கேட்பார்களோ இல்லையோ, இந்தியா திரும்பும்போது கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். நாள் கிடைக்கத் தாமதமாகலாம், கடைசி வாரம்வரை விடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். அறுபது தாண்டிய தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே போடவேண்டும்.

மலேரியா இன்னும் முக்கியம். மழைக்குப் பின் கொசு பெருகும், அங்கே பரவலாக இருப்பது உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரை எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதை ஊர் திரும்பியபிறகும் அவர் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம். பலரும் விமானம் இறங்கியதும் நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வந்த வாரங்களில் காய்ச்சல் அடித்தால் இங்கே முதலில் டெங்குவுக்குத்தான் ரத்தம் எடுப்பார்கள். நீங்களாகவே வாய் திறந்து, ஆப்பிரிக்கா போய் வந்தேன், மலேரியாவும் பாருங்கள் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.