ஒரே ஊசியை மறுபடி போட்டால் என்ன ஆகும்?

ஒரு நாளைக்கு நான்கு முறை இன்சுலின் போடுகிறவருக்கு வருடத்துக்கு 1,460 ஊசிகள் வேண்டும். செலவை நினைத்தோ, கையில் மாற்று ஊசி இல்லாமலோ, 'நேற்றுப் போட்டது நன்றாகத்தானே இருக்கிறது' என்றோ பலர் ஒரே ஊசியை இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறார்கள். மருத்துவர் திட்டுவாரோ என்று வெளியே சொல்வதில்லை. திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊசிக்குள்ளும் தோலுக்குள்ளும் என்ன நடக்கிறது என்பது போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் பயப்படுவது சீழ் பிடிக்குமோ என்றுதான். உண்மையில் அந்த ஆபத்து குறைவு. இன்சுலினில் கிருமி வளராமல் தடுக்க மெட்டாக்ரெசால், ஃபீனால் போன்ற பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள். தன் ஊசியைத் தானே மறுபடி போட்டு, போட்ட இடத்தில் தொற்று வந்தவர்கள் அரிதுதான். ஆனால் அடுத்தவர் ஊசி என்றால் கதையே வேறு. கணவன் மனைவியாக இருந்தாலும் கூடாது. ஊசியை மாற்றிவிட்டு, அதை மாட்டிப் போடும் இன்சுலின் பேனாவை மட்டும் பகிர்வதும் கூடாது. போடும்போது ரத்தமோ தோல் செல்களோ பின்னோக்கி, பேனாவுக்குள் மருந்து இருக்கும் குப்பியான கார்ட்ரிட்ஜுக்குள் போகக்கூடும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் பரவலாம். மருந்திலுள்ள ஃபீனாலை நம்பி இதில் இறங்க முடியாது.

சரி, தன் ஊசியே என்றாலும் அதன் முனை அப்படியே இருக்கிறதா? 32 கேஜ் பேனா ஊசியின் தடிமன் சுமார் 0.23 மில்லிமீட்டர். அதன் நுனியைப் பல கோணங்களில் சீவிக் கூராக்கி, தோலில் வழுக்கிக்கொண்டு இறங்க மேலே மெல்லிய சிலிகான் பூச்சும் கொடுக்கிறார்கள். போடப் போட அந்தப் பூச்சு தேயும், நுனி மழுங்கும், சில சமயம் வளையவும் செய்யும். வலியும் ரத்தக்கசிவும் கூடுவது அதனால்தான். சுத்தம் செய்வதாக நினைத்து ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் பூச்சு இன்னும் சீக்கிரம் போய்விடும். கண்ணாடி சிரிஞ்ச் காலத்தில் ஊசியைக் கொதிநீரில் போட்டு, கல்லில் தீட்டி மறுபடி பயன்படுத்தினார்கள். அவை தடித்த ஊசிகள், தீட்டத் தாங்கின. இன்றைய ஊசி தாங்காது.

எனக்கு இதையெல்லாம்விடக் கவலை தருவது, போட்ட பிறகு பேனாவிலேயே விட்டுவைக்கும் ஊசி. அது கார்ட்ரிட்ஜுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே திறந்த குழாய். அறை சூடானால் இன்சுலின் விரிந்து ஊசி வழியே கசியும். குளிர்ந்தால் சுருங்கி, அதே வழியில் காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றுக்குமிழியால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பொத்தானை அழுத்தும்போது முதலில் குமிழிதான் அமுங்கும், மருந்து மெதுவாகத்தான் வரும். முழு அளவும் உள்ளே போய்விட்டது என்று நினைத்து ஊசியை எடுத்தால், மீதி மருந்து நுனியில் சொட்டும். இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் இன்சுலின் வகைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: திரவம் மட்டும் கசிந்தால் உள்ளே மிஞ்சும் மருந்தின் அடர்த்தி மாறும், ஊசித்துளையில் உலரும் படிகங்கள் வழியை அடைத்தும் விடலாம். அன்று சர்க்கரை ஏன் ஏறியது என்று சாப்பாட்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, தோலுக்கடியில் வரும் கொழுப்புக் கட்டி. இன்சுலினுக்குக் கொழுப்புச் செல்களை வளர்க்கும் குணம் உண்டு. அதனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அங்கே தடித்து ரப்பர் போல ஆகிவிடும். ஊசியைப் பலமுறை பயன்படுத்துபவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. மழுங்கிய முனைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது; இடம் மாற்றாமல் போடுவதுதான் முக்கியக் காரணம். கட்டியில் உணர்ச்சி குறைவு, வலிக்காது. அதனால் கை தானாக அங்கேயே போகும். ஆனால் அங்கிருந்து இன்சுலின் ஒரு நாள் மெதுவாகவும் இன்னொரு நாள் வேகமாகவும் ரத்தத்தில் சேரும்.

தயாரிப்பாளர்கள் ஊசியை ஒரு தடவைக்கென்றே தருகிறார்கள், அதுவே நல்லது. அதற்கு வழியில்லாதவர்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வளைந்த, வலிக்கிற, அடைத்த, கீழே விழுந்த ஊசியை உடனே தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் இரண்டு யூனிட் வெளியே விட்டுப் பாருங்கள், அழுத்திய பின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்காதீர்கள். முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள்.

அப்புறம், வயிற்றையும் தொடையையும் விரலால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அங்கே போடுவதை நிறுத்த வேண்டும். ஆனால் பழைய அளவையே அப்படியே நல்ல இடத்தில் போட்டால் மருந்து முழுதாகச் சேர்ந்து சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். இடம் மாற்றுவதற்கு முன்பே அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்; மாற்றிய முதல் சில நாட்கள் அடிக்கடி சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.