வல்னரபிலிட்டி: பாதிப்பா, ஓட்டையா?

வீட்டு ரவுட்டர்கள் பற்றிய எச்சரிக்கைகளில் 'வல்னரபிலிட்டி' என்ற சொல் தவறாமல் வரும். 'ரவுட்டரில் பாதிப்பு கண்டுபிடிப்பு' என்று அதைத் தமிழில் எழுதிவிடுகிறார்கள். படிப்பவர், யாரோ ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டதாகப் பதறுவார். அந்தச் சொல் சொல்வது அதை அல்ல. விவரம் தெரிந்தவர் நுழைய இடம் கொடுக்கும் குறை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். இதுவரை ஒருவரும் நுழையாமலே இருந்திருக்கலாம்.

மூலம் லத்தீன். 'வுல்னுஸ்' என்றால் காயம். 'வுல்னராரே' என்றால் காயப்படுத்துதல். காயம் படக்கூடிய தன்மை என்பதே வேர்ப்பொருள். பட்டது வேறு, படக்கூடியது வேறு. 'பாதிப்பு' பட்டபின் சொல்லும் சொல்.

சிலர் 'வழு' என்கிறார்கள். இலக்கணத்திலிருந்து வந்து, கணினித் தமிழில் 'பக்' என்னும் நிரல் பிழைக்கு நிலைத்துவிட்ட அருமையான சொல். ஆனால் எல்லா வல்னரபிலிட்டியும் வழு ஆகாது. வைஃபை கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவிகளை ரவுட்டரோடு சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். என்னும் இணைப்பு வசதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான 'பின்' (PIN) என்னும் ரகசிய எண்ணுக்கு 8 இலக்கம். கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. அப்படியும் 1 கோடி எண்கள் மிஞ்சும். ஆனால் முதல் 4 இலக்கம் சரியா தப்பா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடும். அதற்கு 10,000 முயற்சி, அப்புறம் மீதி மூன்றுக்கு 1,000. ஆக, 11,000 முயற்சிக்குள் எண் சிக்கிவிடும். 2011 இறுதியில் இது வெளியே வந்தது. நிரலில் பிழையே இல்லை. வகுத்த விதிமுறையிலேயே கோளாறு.

சரி, எப்படித்தான் எழுதுவது? 'பாதுகாப்பு ஓட்டை' என்பதே என் தேர்வு. முறையான ஆவணத்தில் 'ஓட்டை' உறுத்தினால் 'பாதுகாப்புக் குறைபாடு' என்று போடலாம். ஆனால் ஓட்டைக்குத்தான் 'அடைப்பது' என்ற வினை இயல்பாக வந்து சேர்கிறது. 'பேட்ச்' என்னும் மென்பொருள் திருத்தம் செய்யும் வேலையே அதுதானே.

ரவுட்டர் விஷயத்தில் இந்த வினை மிக முக்கியம். பல ரவுட்டர்களுக்குள் இருந்த 'ரோம்பேஜர்' என்ற மென்பொருளின் ஓட்டை 2014இல் அம்பலமானது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் அது இருந்ததாகக் கண்டறிந்தவர்கள் சொன்னார்கள். மென்பொருளை எழுதிய நிறுவனமோ 2005லேயே திருத்தம் கொடுத்திருந்தது. அது வீடுகளில் இருந்த ரவுட்டர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாதிப்பு வந்திருக்காது. அடைக்காத ஓட்டை மட்டும் இருந்தது.