அச்சு ஒன்று, அடி வேறு: ரோமானியக் காசில் போலி எப்படி மாட்டிக்கொள்கிறது

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் கோவைப் பக்கத்துப் புதையல்களிலும் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு காசு நன்றாகவே பழக்கம். முன்பக்கம் இலைமாலை சூடிய திபேரியஸ் பேரரசனின் தலை. பின்பக்கம் நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் நீண்ட செங்கோல், மறு கையில் மரக்கிளை. சுற்றிலும் ‘பாண்டிஃப் மாக்ஸிம்’ என்ற எழுத்துகள். தலைமைப் பூசாரி என்ற பட்டத்தின் சுருக்கம் அது. கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸின் காலத்தில், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரத்து அக்கசாலையில், அதாவது நாணயம் அடிக்கும் கூடத்தில், அடித்த தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு. இயேசுவிடம் காட்டிய வரிக்காசு இதுதான் என்று வெகுகாலமாகச் சொல்லிவருவதால் உலகம் முழுக்க இதற்குக் கிராக்கி. அதனாலேயே இதற்குப் போலிகளும் ஏராளம். நகல் என்று சொல்லியே விற்கும் மலிவான கலவை உலோகக் காசு ஒரு முனை. அனுபவமுள்ள வியாபாரியையே தடுமாற வைக்கும் வெள்ளிப் போலி மறுமுனை.

இரண்டையும் பிரித்தறிய, அசல் எப்படிச் செய்யப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பேரரசுக் கால அக்கசாலைகள் காசை அடித்தன. முதலில் எடை பார்த்த ஒரு வெள்ளி வில்லை. பட்டடையில் பதித்த கீழ் அச்சில் அரசனின் தலை குழிவாகச் செதுக்கியிருக்கும். அதன்மேல் வில்லையை வைத்து, பின்பக்கத்துக்கான அச்சை மேலே பிடித்து, சம்மட்டியால் ஒரு போடு. அந்த அடியில் வெள்ளி உருகுவதில்லை. கெட்டியாக இருந்தபடியே நகர்ந்து அச்சின் குழிகளுக்குள் ஏறுகிறது, மிச்சம் வெளிப்பக்கமாகப் பரவுகிறது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகை லென்ஸில் பார்த்தால், எழுத்துகளின் அடியிலிருந்து விளிம்பை நோக்கி மெல்லிய கோடுகள் ஓடுவது தெரியும். உலோகம் நகர்ந்த தடம் அது. எழுத்தின் சுவர்கள் செங்குத்தாக நிற்கும். விளிம்பு அந்த இழுப்பைத் தாங்காமல் அங்கங்கே வெடித்திருக்கும். அடி சற்று விலகி விழுந்திருந்தால் எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போயிருக்கும்.

அலுவலக ரப்பர் ஸ்டாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாம்பில் ஓர் எழுத்து உடைந்திருந்தால், அந்த உடைசல் ஒவ்வொரு தாளிலும் வரும். ஆனால் சாய்வு, மை அழுத்தம், எந்த மூலையில் விழுந்தது என்பதெல்லாம் தாளுக்குத் தாள் மாறும். இரண்டு தாள்களில் மை தீற்றல்கூட இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால், ஒன்றாவது ஜெராக்ஸ்தான்.

காசிலும் கதை இதுவே. ஒரே அச்சில் அடித்த இரண்டு அசல் காசுகளில் மூக்கின் வளைவு, எழுத்துகளின் இடைவெளி, அச்சில் விழுந்த விரிசல் எல்லாம் ஒத்துப்போகும். வில்லையின் வடிவம், விளிம்பு வெடிப்பு, படம் எவ்வளவு விலகி விழுந்தது, எங்கே தேய்ந்தது, எங்கே கீறல் பட்டது ஆகியவை ஒத்துப்போகவே முடியாது. அவை அந்தந்தக் காசின் சொந்த வாழ்க்கையில் நடந்தவை. போலி செய்பவர் பெரும்பாலும் ஓர் அசல் காசை வைத்துத்தான் அச்சு எடுக்கிறார். அப்போது அந்தத் தாய்க்காசின் கன்னத்திலிருந்த கீறலும், தேய்ந்துபோன கடைசி எழுத்தும் சேர்ந்தே அச்சுக்குள் போய்விடுகின்றன. அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு காசுக்கும் அதே கன்னத்தில் அதே கீறல். அப்படி இரண்டு காசுகள் கண்ணில் பட்டால், குறைந்தது ஒன்று போலி. என்னைக் கேட்டால் இதைவிட வலுவான சோதனை வேறு இல்லை. எந்த வேதிப்பொருளும் வேண்டாம், காசைத் தொடக்கூட வேண்டாம். நல்ல படங்கள் போதும். அருங்காட்சியகங்களும் ஏல நிறுவனங்களும் லட்சக்கணக்கான காசுகளின் படங்களை இணையத்தில் வைத்திருக்கும் இந்தக் காலத்தில், ஓர் இரட்டையைத் தேடிப் பிடிப்பது முன்பைவிட மிகவும் எளிது.

வார்ப்புப் போலியை ஒற்றைக் காசாகப் பார்த்தே பிடித்துவிடலாம். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும்; அதனால் வார்ப்பு தாய்க்காசைவிடச் சற்றே சிறியதாக வரும். காற்றுக் குமிழிகள் பரப்பில் பொடிப்பொடியான குழிகளாகவோ பருக்களாகவோ நிற்கும். எழுத்தின் ஓரம் கூர்மை இழந்து, சோப்பு கரைந்தாற்போல் மழுங்கிவிடும். இருபாதி வார்ப்புகள் சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு வரி ஓடும். அதை மறைக்க அரத்தால் ராவியிருந்தால், ராவிய கோடுகள் ஒரே திசையில் தெரியும்.

நான் முதலில் பார்ப்பது விளிம்பு வெடிப்பைத்தான். அசலில் அது கிழிசல். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவர்கள் சொரசொரப்பாக, ஆழமாகப் போய் இருட்டில் முடியும். வார்ப்பு நகலில் அதே வெடிப்பு ஆழமில்லாத பள்ளமாக, வழுவழுப்பான கரையோடு இருக்கும். வார்ப்பில் அந்த வெடிப்பின் வடிவம் மட்டும்தான் வரும். புதுக்கோட்டையில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றின் குறுக்கே, அரசனின் முகத்தின்மேல், உளிவெட்டு விழுந்திருக்கிறது. அசலில் அத்தகைய வெட்டின் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கி மேடு கட்டியிருக்கும். அப்படிப்பட்ட காசை யாராவது வார்ப்பில் நகலெடுத்தால், அந்தக் கரைதான் முதலில் மழுங்கும்.

எடை அடுத்த சோதனை. திபேரியஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 தெனாரியஸ் என்பது கணக்கு. ஒன்றுக்கு ஏறக்குறைய 3.9 கிராம். புழக்கத்தில் தேய்ந்து 3.6, 3.7 என்று இருப்பது சகஜம். 2.5 கிராமோ 4.5 கிராமோ காட்டினால் சந்தேகப்பட வேண்டும். எடை சரியாக இருப்பதனால் மட்டும் காசு அசலாகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடை போட்டால் அடர்த்தி தெரிந்துவிடும். வெள்ளி தண்ணீரைவிட 10.5 மடங்கு, செம்பு சுமார் 9 மடங்கு, ஈயம் 11.3 மடங்கு, தங்கம் 19.3 மடங்கு அடர்த்தி. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் ரெடி என்பவர் மின்முலாம் முறையில் அருமையான நகல்கள் செய்தார். இரண்டு மெல்லிய உலோகக் கூடுகளைப் பொருத்தி உள்ளே ஈயம் நிரப்பும் முறை. படிப்பதற்காகச் செய்தவை, ஏமாற்றுவதற்காக அல்ல. பலவற்றின் விளிம்பில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் குத்தினார். முகத்தைப் பார்த்து அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். விளிம்பின் பொருத்துவரியும் அடர்த்தியும்தான் காட்டிக்கொடுக்கும்.

உண்மையான தலைவலி, அசல் போலவே அச்சு வெட்டி, அசல் போலவே அடிக்கும் போலி. ஜெர்மனியின் கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) இதில் பேர்போனவர். தானே எஃகு அச்சு செதுக்கினார். உலோகத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சில சமயம் மலிவான பழங்காசுகளையே வில்லையாகப் பயன்படுத்தினார். புதுமெருகு போக, காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, தன் குதிரை வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார். அவருடைய அச்சுகள் இப்போது பெர்லினில் பாதுகாப்பில் இருக்கின்றன. எந்தக் காசு அவர் கைவேலை என்று அவற்றோடு ஒப்பிட்டே சொல்லிவிடலாம்.  இன்றைய போலிக்காரர்கள் மின்பொறியால் எஃகை அரித்து அச்சு எடுப்பதும் உண்டு. அப்படி எடுத்த அச்சில் நுண்குழிகள் தங்கிவிட, அவை காசில் ஊசிமுனைப் பருக்களாக எழும்பி நிற்கும்.

உலோகமும் பேசும். பழங்கால வெள்ளி பெரும்பாலும் ஈயக் கனிமத்திலிருந்து பிரித்தெடுத்தது. சிறிதளவு தங்கமும் ஈயமும் அதில் தங்கியே இருக்கும். மின்பகுப்பில் சுத்திகரித்த இன்றைய வெள்ளியில் அந்தத் தடயங்கள் கிடையாது. திபேரியஸின் தெனாரியஸ் மிக உயர்ந்த மாற்று, 92.5 சதவீத நகை வெள்ளி என்று கருவி காட்டினால் யோசிக்க வேண்டியதுதான். ஆனால் எக்ஸ் கதிர் கருவி மேல்தோலை மட்டுமே படிக்கும். மண்ணுக்குள் கிடந்த காசின் பரப்பிலிருந்து செம்பு கரைந்து வெளியேறி, மேல்தோலில் வெள்ளி கூடுதலாக நிற்பது இயல்பு. எனவே அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

செம்பு, வெண்கலக் காசில் களிம்பைக் கவனியுங்கள். நூற்றாண்டுகளாக வளர்ந்த களிம்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருக்கும். அடியில் சிவந்த ஆக்சைடு அடுக்கு, மேலே பச்சை. ஒட்டுப்போட்ட களிம்பு பள்ளங்களில் மட்டும் தேங்கி நிற்கும். பசையோ சாயமோ கலந்திருந்தால் அசிட்டோனில் நனைத்த பஞ்சில் பல சமயம் கையோடு வந்துவிடும். தயவுசெய்து புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், காசின் வரலாறு போய்விடும். வெள்ளிக் காசைத் தரையில் போட்டு ஓசை கேட்கவும் வேண்டாம். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொய்ந்துபோயிருக்கும், இரண்டாக உடையும்.

சரி, வித்தியாசமாக இருப்பதெல்லாம் நவீனப் போலியா? அவசரப்படக்கூடாது. செம்பின்மேல் வெள்ளித் தோல் போர்த்திய கள்ளக்காசுகள் ரோமானியர் காலத்திலேயே புழங்கின. அவையும் 2,000 ஆண்டுப் பழமைதான், அருங்காட்சியகத்தில் அவற்றுக்கு இடம் உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் களிமண் அச்சில் வார்த்த காசுகளும் இருக்கின்றன. நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ரோமானியக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன. எழுத்து குழம்பியிருக்கும், முகம் வேறாக இருக்கும். அவற்றைப் போலி என்று தூக்கி எறிந்தால் நம் வரலாற்றின் ஒரு பக்கத்தையே எறிந்தாற்போல.

இந்தச் சிக்கலின் உச்சம் ஸ்பான்சியன் காசு. 1713-இல் இன்றைய ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் தங்கக் காசுகளில் இப்படி ஒரு பேரரசனின் பெயர். எந்த வரலாற்று நூலிலும் இல்லாத பெயர். காசின் பாணி கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது; பின்பக்கத்தில் இருப்பதோ அதற்குச் சுமார் 400 ஆண்டு முந்தைய, பேரரசர்களுக்கு முற்பட்ட ரோமானியக் குடியரசுக் கால வெள்ளிக்காசின் படம். மோசமான போலி என்றே வல்லுநர்கள் ஒதுக்கினார்கள். 2022-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பால் பியர்சன் தலைமையிலான குழு, கிளாஸ்கோ ஹன்டேரியன் அருங்காட்சியகத்திலுள்ள காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. புழக்கத்தில் உண்டாகும் ஆழமான நுண்கீறல்களும், மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்ததைக் காட்டும் கனிமப் படிவும் இருக்கின்றன, எனவே இது பழங்காசே என்றது. நாணயவியலாளர்கள் பலர் இதை ஏற்கவில்லை. இது அடித்த காசு அல்ல, வார்த்த காசு. ஆகவே அடியின் தடயம் எதையும் இதில் தேட முடியாது. கீறலையும் மண்ணையும் வைத்து மட்டுமே வாதம் நடக்கிறது. ஒழுங்கான அகழாய்வில், மண்ணடுக்கு பதிவான இடத்தில், ஸ்பான்சியன் பெயர் பொறித்த காசு ஒன்றுகூட இதுவரை வெளிவந்ததில்லை. அப்படி ஒன்று கிடைத்தால்தான் வழக்கு முடியும்.