பேட்டரி முழுதாக இருக்கிறது, வயர்லெஸ் ஏன் அணைகிறது?

சென்னையின் காசிமேட்டிலும் பட்டினப்பாக்கத்திலும் கரையேறி நிற்கும் ஃபைபர் படகுகள் பலவற்றில் இன்று ஒரு 12 வோல்ட் பேட்டரியும், அதை நம்பி ஜிபிஎஸ், மீன் தேடும் எக்கோ சவுண்டர், மற்ற படகுகளோடும் கரையோடும் பேசும் விஎச்எஃப் வயர்லெஸ், எல்இடி விளக்கு ஆகியவற்றுள் சிலவும் இருக்கின்றன. இவற்றில் ஒன்று கடலில் மக்கர் செய்தால் முதல் சந்தேகம் கருவியின் மீதும், அடுத்த சந்தேகம் பேட்டரியின் மீதும் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயரையும், அதில் உள்ள இணைப்புகளையும் பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். உப்புக் காற்றில் கிடக்கும் படகில் தேடலை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வயர்லெஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். மற்ற படகுகளின் பேச்சு தெளிவாகக் கேட்கிறது, திரையும் எரிகிறது, ஆனால் பேசுவதற்காகப் பொத்தானை அழுத்தியதும் கருவி அணைந்து மீண்டும் உயிர் பெறுகிறது. கேட்கும் நிலையில் வயர்லெஸ் அரை ஆம்பியருக்கும் குறைவாகவே மின்னோட்டம் எடுக்கும். 25 வாட் திறனில் பேசும்போதோ அதற்கு 5 முதல் 6 ஆம்பியர் வரை தேவைப்படும். வழியில் உப்பு அரித்த இணைப்பு ஒன்று அரை ஓம் மின்தடையோடு இருக்கிறது என்று கொள்வோம். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அங்கே இழக்கப்படும் வோல்ட் கிடைக்கும். கேட்கும்போது 0.4 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.2 வோல்ட், கருவிக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பேசும்போது 6 ஆம்பியர் ஓடினால் இழப்பு 3 வோல்ட், பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தும் கருவியை வந்தடைவது 9.6 வோல்ட் மட்டுமே; அது போதாமல்தான் கருவி அணைகிறது. ஆபத்து நேரத்தில் 16ஆம் சேனலில் உதவி கேட்க முயலும்போது கைவிடுவது இந்தப் பழுதுதான் என்பதால், இதை நான் சிறிய கோளாறாகக் கருதவில்லை.

வோல்ட், ஓம் முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறுகிற இடம் இதுதான். வயர்லெஸ்ஸைக் கழற்றிவிட்டு, வயரின் முனையில் மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் என்று முழுதாகக் காட்டும். மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் மிகமிக அற்பமானது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. பீப் ஒலி எழுப்பும் தொடர்ச்சிச் சோதனையும் உதவாது. பல மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும்கூட ஒலி எழுப்பிவிடும். ஓம் அளவில் நேரடியாக அளக்கலாம் என்றால், மீட்டரின் இரு ஒயர்களுக்குமே ஓரளவு தடை உண்டு. அரை ஓமை அதிலிருந்து பிரித்தறிவது கடினம்.

எனவே கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மின்னணுச் சாமான்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் எளிய மல்டிமீட்டரே இதற்குப் போதும். டிசி வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பு முனையை வயர்லெஸ்ஸுக்குள் நுழையும் பாசிட்டிவ் வயரிலும் வைத்து, ஒருவர் பேசும் பொத்தானை ஓரிரு வினாடி அழுத்த வேண்டும். அவசரச் சேனலில் இதைச் செய்யக் கூடாது. ஆன்டெனா இணைக்காமலும் செய்யக் கூடாது. ஒரே கம்பியின் இரு முனைகளுக்கு இடையில் மீட்டர் காட்டுவது அந்தப் பாதை விழுங்கும் வோல்ட். அடுத்து நெகட்டிவ் பக்கத்திலும் இதையே செய்து இரண்டையும் கூட்டினால் மொத்த இழப்பு தெரியும். வயர்லெஸ், ஜிபிஎஸ் போன்றவற்றுக்கு மொத்த இழப்பு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது படகு மின்கம்பி வேலையில் வழக்கமாகப் பின்பற்றப்படும் அளவு. 12 வோல்ட்டில் அது 0.36 வோல்ட். அதிகமாக இருந்தால், கறுப்பு முனையைப் பேட்டரியை நோக்கி ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தி வர, எந்த இணைப்பைத் தாண்டியதும் அளவு சட்டென்று விழுகிறதோ அதுவே குற்றவாளி. மீட்டரின் ஒயர் எட்டாவிட்டால் கையில் கிடைக்கும் எந்த மெல்லிய ஒயரைக் கொண்டும் நீட்டிக்கொள்ளலாம். மின்னோட்டமே இல்லாத ஒயரின் தடை அளவைக் கெடுக்காது.

நெகட்டிவ் பக்கத்தை விட்டுவிடாமல் பார்க்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கார், லாரிகளில் இரும்பு உடலே நெகட்டிவ் பாதையாகப் பயன்படுகிறது. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது. போன மின்னோட்டம் முழுவதும் இன்னொரு கம்பி வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஆகவே படகின் இணைப்புகளில் பாதி அந்தப் பக்கம் இருக்கின்றன.

ஃபியூஸ் போகவில்லையே என்று கேட்கலாம். மின்னோட்டம் அளவு மீறும்போதுதான் ஃபியூஸ் உருகும். கெட்ட இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் அரை ஓம் தடையில் 6 ஆம்பியர் ஓடினால் அங்கே 18 வாட் வெப்பம் எழும். ஏறக்குறைய ஒரு சிறிய சால்டரிங் அயர்ன் டேப்புக்குள் சுற்றி வைக்கப்பட்டிருப்பதற்குச் சமம் இது. பெட்ரோல் டாங்க் உள்ள படகில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

இணைப்பு கெடுவதற்கான காரணம் சென்னையின் காற்றிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். சென்னைக் கரையில் இரவிலும் அதிகாலையிலும் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சகஜம் என்பதால், படகு கரையில் கிடந்தாலும் இணைப்பின் மேல் படிந்த உப்பு நனைந்துகொண்டே இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளை இந்த ஈரப்படலம் இணைத்துவிட்டால் மின்னாற்பகுப்பு தொடங்கி, பாசிட்டிவ் முனையின் செம்பு கரைய ஆரம்பிக்கும். பச்சை நிறத்தில் பூத்து நிற்பது அந்தச் செம்பின் உப்புகளே. படகு கரையேறியதும் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே உள்ள மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டால் இந்தக் கரைதல் பெருமளவு நின்றுவிடும்.

பல இழைகள் கொண்ட ஒயருக்கு வேறொரு கேடும் உண்டு. இழைகளுக்கு நடுவில் உள்ள நுண்ணிய இடைவெளி வழியே உப்பு நீர் உள்ளே ஏறிவிடும். வெளியே உறை பளபளப்பாக இருக்க, சீவிப் பார்த்தால் செம்பு கறுத்துக் கிடக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். தேவைப்பட்டால் முழு ஒயரையும் மாற்ற வேண்டும். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதைப் படகில் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். டேப் உள்ளே புகுந்த நீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், அதற்கேற்ற அளவுள்ள லக் (ஒயர் முனையில் பொருத்தும் உலோக வளையம்), அதை அழுத்தும் சரியான கிரிம்பிங் கருவி, சூடாக்கினால் சுருங்கி இறுகும், உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஆகிய நான்கும் சேர்ந்தால் இணைப்பு பல காலம் நிற்கும்.

ஒயரின் தடிமனையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தொலைவில் வயர்லெஸ் இருந்தால், போக வர 10 மீட்டர் செம்பு. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 6 ஆம்பியருக்கு ஏறக்குறைய 0.7 வோல்ட் இழப்பாகும். 4 சதுர மில்லிமீட்டரில் அது 0.3 வோல்ட்டுக்கும் குறைவு. முதல் ஒயரில் இணைப்புகள் அனைத்தும் புதிதாக இருந்தாலும் இழப்பு 0.36 வோல்ட்டைத் தாண்டிவிடும்.

எக்கோ சவுண்டரில் கோளாறு வேறு விதமாகத் தெரியும்: திரையில் மழைக்கோடுகள் போலப் புள்ளிகள் ஓடும், மீனா இரைச்சலா என்று பிரித்தறிய முடியாது. கடலடியிலிருந்து திரும்பும் எதிரொலியை, நீரில் ஒலியை அனுப்பிப் பெறும் பகுதியான டிரான்ஸ்டியூசர் மிக நுண்ணிய மின்குறிப்பாக மாற்றுகிறது. மலிவான எல்இடி விளக்குக்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தித் தரும் டிரைவரும் எஞ்சினின் தீப்பொறிச் சுற்றும் எழுப்பும் மின் இரைச்சல் அதை மூழ்கடித்துவிடும். விளக்கை அணைத்ததும் கோடுகள் மறைந்தால் இரைச்சலின் ஊற்று அதுவே. அடுத்து எக்கோ சவுண்டரை மட்டும் தனி பேட்டரியில் இணைத்து விளக்கை மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். கோடுகள் வரவில்லை என்றால் இரைச்சல் மின்வயர் வழியாக வந்திருக்கிறது. மீண்டும் வந்தால் டிரான்ஸ்டியூசர் கேபிளின் வழியே நுழைகிறது, அந்தக் கேபிளை மற்ற ஒயர்களிலிருந்து பிரித்துப் படகின் எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். கேபிள் நீளமாக இருக்கிறது என்று அதை வெட்டி ஒட்டக் கூடாது. வெட்டிய இடத்தில் அதன் கவச வலை அறுந்து, இரைச்சலுக்கும் உப்பு நீருக்கும் ஒரே நேரத்தில் வழி திறந்துவிடும்.