இரத்தம் வராத அடிக்கும் நட்டஈடு உண்டு

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் மலையில் வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டவர், வெளியில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும் நட்டஈடு கேட்கலாம். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. வேலை நேரத்தில், வேலை காரணமாக நடந்த விபத்தில் உடம்புக்குப் பாதிப்பு வந்தால் வேலை கொடுத்தவர் பணம் கட்ட வேண்டும். தோல் கிழிந்திருக்க வேண்டும், தையல் போட்டிருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனை கிடையாது. ஆனாலும் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி காலில் பட்டவரை உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். கானுக்குள், அதாவது மலையில் வெட்டிய வடிகாலுக்குள், சறுக்கி விழுந்து விலாவில் அடிபட்டவரைத் தைலம் தேய்த்து லயத்து வீட்டில் படுக்க வைக்கிறோம். உயிருக்கு ஆபத்து பல நேரம் இரண்டாமவருக்குத்தான்.

இடது பக்க விலா எலும்புகளுக்கு அடியில் மண்ணீரல் இருக்கிறது. வயிற்றில் தோல் கிழியாத ஊமை அடி படும்போது அதிகம் சேதமாகும் உறுப்புகளில் அது முதன்மையானது. விழுந்தவர் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மிச்சக் கொழுந்தையும் எடுத்து நிறுவையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். உள்ளே கசியும் இரத்தம் சில மணி நேரம் கழித்தோ, சில நாட்கள் கழித்தோகூட வெடித்துப் பெருகலாம். இடது தோள்பட்டையில் காரணமில்லாத வலி, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, எழுந்தால் தலைசுற்றல், வயிறு இறுகுதல் ஆகியவை வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இடுப்பில் அடிபட்டபின் சிறுநீர் சிவந்தாலும், தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலும், தூங்கி வழிந்தாலும் அப்படியே. செடியின் வாது (கிளை) கண்ணில் அடித்துப் பார்வை மங்கினால் கண்ணைக் கசக்காமல் அன்றைக்கே காட்ட வேண்டும். அந்த அடி ஆறிப் பல வருடம் கழித்தும் கண் அழுத்த நோய் வரலாம் என்பதால் கிளினிக்கை இடையில் விடக்கூடாது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் நிலையாக இருந்தால், மண்ணீரல் காயத்துக்குப் பெரும்பாலும் வயிற்றைத் திறப்பதில்லை. படுக்கையில் வைத்து இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துக் கவனிப்பார்கள். வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயை விட்டு, கசியும் இடத்தை அடைப்பதும் உண்டு. இது அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்த வைத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் வாரக் கணக்கில் பாரம் தூக்க முடியாது, கூடை சுமக்க முடியாது.

"வெட்டவுமில்லை, தைக்கவுமில்லை, பிறகென்ன நட்டஈடு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சட்டம் பார்ப்பது உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதைத்தான். சில நாளில் வேலைக்குத் திரும்பிவிடக்கூடிய சின்ன அடிக்குக் கிடைக்காது. தற்காலிகமாக முடங்கினால் அந்தக் காலத்துக்குக் கொடுப்பனவு உண்டு. நிரந்தரப் பாதிப்பு என்றால் அதன் அளவை வைத்தியர் சான்றுப்படுத்த வேண்டும். இறந்துவிட்டால் பணம் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு, அவர் மூலமாக இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் இதற்குள் வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதற்காகக் கையில் காசு வாங்கும் கைக்காசு வேலைக்குப் போகிறவர்கள் ஒதுங்கிவிட வேண்டாம். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். நட்டஈடு வேண்டாம் என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தால் அது செல்லாது.

வழக்கு வெல்வதும் தோற்பதும் முதல் நாள் எழுதப்பட்ட இரண்டு வரியில்தான். வெட்டுக்காயத்துக்குத் தழும்பு சாட்சி சொல்லும். உள்காயத்துக்குக் காகிதம் மட்டுமே சாட்சி. டிஸ்பென்சரிக் கொப்பியில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதியிருந்தால் விபத்து நடந்ததாகவே காட்ட முடியாது. "ஐந்தாம் நம்பர் மலையில் பின்னேரம் இரண்டு மணிக்குக் கொழுந்து எடுக்கும்போது கானில் விழுந்து இடது விலாவில் அடி" என்று எழுதச் சொல்லுங்கள். வார்டில் சேர்க்கும்போதும் அதையே சொல்லுங்கள். "வீட்டில் விழுந்ததாகச் சொல்லு, பிரச்சினை வராது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த ஒரு பொய் பதிவேட்டில் ஏறிவிட்டால் இறக்குவது பெரும்பாடு.

கங்காணிக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் அன்றைக்கே அறிவித்து, எழுத்திலும் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். பக்கத்து நிரையில் நின்றவர்களின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். டயக்னோசிஸ் கார்ட், ஸ்கேன் அறிக்கை, சம்பளத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் சேர்த்து, கொழும்பிலுள்ள தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கோரிக்கையை அனுப்பலாம். நுவரெலியா, பதுளை, கண்டியிலுள்ள தொழில் அலுவலகங்களிலும் தொழிற்சங்கக் காரியாலயத்திலும் விவரம் கேட்கலாம். காலக்கெடு உண்டு, உடம்பு முழுதாகத் தேறட்டும் என்று தள்ளிப்போடாமல், நோயாளி வார்டில் இருக்கும்போதே வீட்டார் ஒருவர் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.